பொத்தானுக்குத் தைத்த சட்டை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. வெறும் வாயால் செய்யும் சத்தியம் அல்ல. என் தையல் மெஷினின் சக்கரத்தின்மேல் வலது கையையும், ஊசிக்கு நேர்கீழே இடது கட்டைவிரலையும் வைத்துச் செய்யும் சத்தியம். பொய்யென்றால் ஊசி இறங்கட்டும். நான் பொய் சொல்கிறவன் என்று எங்கள் தெருவில் நாலு பேர் சொல்வார்கள். நாலு பேரும் பொய்யர்கள்.

எனக்குக் கடையும் வீடும் ஒன்றுதான். முன்னறையில் மெஷின், பின்னறையில் கட்டில், தலைக்கு மேலே மாடி. மாடியில் ஒரு புருஷன் பெண்டாட்டி குடியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே வேலை. சட்டைப் பொத்தான் அளவில் சின்னச் சின்னக் கருவிகள் இருக்கின்றன. சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று பார்த்துக் கம்பியில்லாமல் சொல்லும். அவற்றுக்கு மென்பொருள் எழுதுவது. அந்தக் கருவிக்கு முறையாக ஒரு பெயர் உண்டு. நான் தையல்காரன், பொத்தான் என்றுதான் சொல்வேன். நான் சொல்லிச் சொல்லி அவர்களும் பொத்தான் என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

பொத்தானுக்குள் கடுகளவு மூளை, மிளகளவு பேட்டரி. எப்போது விழிப்பது, எப்போது தூங்குவது, எதை ஞாபகம் வைப்பது, எதை மறப்பது, பக்கத்துப் பொத்தானிடம் எதைச் சொல்வது, இவ்வளவையும் அந்தக் கடுகுக்குள் அடக்குவது புருஷன் பொறுப்பு. பொத்தான்கள் ஒன்றின் காதில் ஒன்று ஓதி, கடைசியில் வெளியே வந்து விழும் சேதியை வாங்கித் திரையில் கலராகக் காட்டுவது பெண்டாட்டி பொறுப்பு.

புருஷனுக்குத் தெருவில் சிக்கனம் என்று பெயர். காசில் அல்ல, மின்சாரத்தில். "பொத்தான்னா அது பொறந்ததுலேர்ந்து தூங்கணும் பெரியப்பா. முழிச்சிருக்கிற ஒவ்வொரு நொடியும் தண்டம்" என்பார். தானும் அப்படியே பழகிக்கொண்டார். என் வீட்டு அழைப்பு மணியை அழுத்திவிட்டு, கதவு திறக்கும்வரை நின்றபடியே தூங்குவார். திறந்ததும் விழித்து, விட்ட இடத்திலிருந்து பேசுவார். ஒருமுறை நான் திறக்க மறந்துவிட்டேன். மறுநாள் காலை திறந்தால், "...ஆகையினால பெரியப்பா, கத்தரி இருந்தா குடுங்க" என்கிறார்.

அவர் தீர்ந்துபோனது என்று எறிந்த பேட்டரி ஒன்றை எடுத்து என் சுவர்க்கடிகாரத்தில் போட்டேன். இன்றுவரை ஓடுகிறது. ஓடுவது மட்டுமில்லை, முன்னாலும் போகிறது. இப்போது அதில் அடுத்த வியாழக்கிழமை நடக்கிறது.

இன்னொன்று. எனக்கு வலது காதில் ஒரு காதுக்கருவி உண்டு. அதைப் பார்த்ததும் சிக்கனத்துக்குக் கண் விரிந்தது.

"பேட்டரி கடைசியா எப்ப மாத்தினீங்க பெரியப்பா?"

"மாத்தின ஞாபகமே இல்லையே."

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இதை எழுதினவன் மனுஷன் இல்லை" என்றார்.

மாடிக்காரிக்கு இந்தக் கூத்தெல்லாம் ஆகாது. அவள் வேகமானவள், வாய்க்காரி. கோபம் வந்தால் புருஷனைச் சொல்லும் 'நீங்க' இறங்கி 'நீ' ஆகும். அவள் விசைப்பலகையில் தட்டுவது எனக்குக் கீழே தெரியும். ஒருநாள் ஒரு விசை தெறித்து, மாடித் தரையில் இருந்த விரிசல் வழியாக என் சோற்றுத் தட்டில் விழுந்தது. கழுவித் திருப்பிக் கொடுத்தேன்.

எங்கள் தெருக் கோடியில் தானியக் கிடங்கு இருந்தது. கான்கிரீட்டில் கட்டின மூன்று உருளைகள். சைலோ என்பார்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம் என்றால், உச்சிக்கு ஏறினவன் இறங்கும்போது முடி வெட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். உள்ளே கழுத்துவரை மக்காச்சோளம். மாடிக்காரியின் தம்பி அங்கேதான் ஏற்றி இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. அவளுக்குத் தம்பி என்பதால் தெருவுக்கே தம்பி. சோளத்துக்குள் பொத்தான்களைப் புதைத்துவைத்து உள்ளே சூடு ஏறுகிறதா என்று பார்க்கும் வேலை இந்தத் தம்பதிக்கு வந்ததும் அவன் மூலமாகத்தான்.

சோளத் தூசி உள்ளே போகக்கூடாது, காற்று போகவேண்டும். அதற்காகப் பொத்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு துணிச்சட்டை. ஊரில் எல்லாத் தையல்காரனும் சட்டைக்குப் பொத்தான் தைப்பான். பொத்தானுக்குச் சட்டை தைத்தவன் நான் ஒருவன்தான். மூன்று உருளைக்கும், ஓரத்தில் இரட்டைத் தையல் போட்டு, குவியல் குவியலாகத் தைத்தேன்.

அளவு கொடுக்க வந்த அன்று என் கடையில் நின்றே இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். எல்லாவற்றுக்கும் மூலம் அந்தச் சண்டை.

"ஒவ்வொரு பொத்தானும் தினம் ஒரு தடவை 'இருக்கேன்'னு சொல்லட்டும். அது போதும் எனக்கு" என்றாள் அவள்.

"எதுக்கு?"

"இருக்குதா இல்லையான்னு தெரிய வேணாமா?"

"மாறினா சொல்லும். மாறலைன்னா சொல்லாது. சொல்லலைன்னா மாறலைன்னு அர்த்தம். இதுல உனக்கு எங்க இடிக்குது?"

"செத்துப்போனா?"

"ஏன் சாகுது? பத்து வருஷம் உழைக்கிற மாதிரி எழுதியிருக்கேன். சோளத்துக்குள்ள புதைச்சப்புறம் பேட்டரி மாத்த எவன் முங்குவான்? நீ சொல்ற மாதிரி தினம் கத்தவிட்டா பாதியிலயே படுத்துடும். நீயே கொன்னுட்டு, செத்துச்சான்னு நீயே கேப்பியா?"

"செத்தவனும் பேசமாட்டான், சௌக்கியமா இருக்கிறவனும் பேசமாட்டான். ரெண்டையும் நான் எப்படிப் பிரிக்கிறது? எந்தக் கலர் அடிக்கிறது?"

"பேசாம இருந்தா பச்சை அடி. அவ்வளவுதான்."

"எக்கேடோ கெட்டுப் போங்க" என்று அவள் மாடி ஏறிப் போய்ப் பச்சை அடித்தாள்.

அந்த வாரமே சிக்கனம் தெருவில் எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்தார். என்ன விசேஷம் என்றால், பொத்தானின் ஞாபகத்தில் ஒரே ஒரு எண்ணுக்கான இடத்தை மிச்சம் பிடித்துவிட்டாராம். நானும் வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

பொத்தானுக்கு வைத்த சட்டம் வீட்டுக்கும் வந்தது. வெளியூர் போனால் 'வந்து சேர்ந்தேன்' என்று போன் கிடையாது. தப்பாக ஏதாவது நடந்தால்தான் போன். போன் வராவிட்டால் சௌக்கியம். தம்பிக்கும் அதையே பழக்கிவிட்டார்கள்.

அந்த வருஷம் அறுவடையும் மழையும் கையைக் கோத்துக்கொண்டு வந்தன. மழை என்றால், கடையில் தொங்கவிட்டிருந்த பேண்ட்டுகள் தாமாகவே நீந்தப் பழகிக்கொண்ட மழை. கிடங்கு மேனேஜர் எப்போதும் கறுப்புக் கண்ணாடியோடுதான் இருப்பார். கூலிங்கிளாஸ் என்று பெயர். ஈரச் சோளத்தைக் காயவைக்க அவருக்குப் பொறுமையில்லை. அப்படியே கொட்டச் சொன்னார். கேட்டவர்களிடம், "அதான் சென்சார் போட்டிருக்கோமே" என்றார்.

ஈரச் சோளம் உள்ளே புழுங்கும். புழுங்கினால் சூடு. சூடு ஏறினால் மணியும் மணியும் ஒட்டிக்கொண்டு மேலே ஓடுபோலக் கட்டிவிடும். அடியில் லாரிக்குச் சோளம் இறக்க இறக்க, ஓட்டுக்குக் கீழே பள்ளம் விழும். மேலே பார்த்தால் தரை. மிதித்தால் கிணறு. சுவரோரம் தங்கின சோளத்தைத் தள்ளிவிட ஆள் இறங்கவேண்டும். இது தெரிந்துதான் முன்பெல்லாம் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவார்கள். கயிறு கட்ட நேரமாகிறது. கூலிங்கிளாஸ் புதுச் சட்டம் போட்டார்: திரை பச்சையாக இருந்தால் கயிறு வேண்டாம்.

தம்பி இரண்டாவது உருளையில் பச்சையை நம்பி இறங்கினான். ஓடு உடைந்தது. கழுத்துவரை போய்விட்டான். கூட இருந்தவர்கள் பலகையைப் போட்டு, கையால் சோளத்தைத் தோண்டி வெளியே எடுத்தார்கள். விலா எலும்பு முறிவு, நெஞ்செல்லாம் தூசி. ஆஸ்பத்திரியில் அவன் இருமும்போதெல்லாம் ஜன்னலில் புறாக்கள் வந்து உட்கார்ந்தன.

அவனுடைய போன் சோளத்துக்குள் போய்விட்டது. கிடங்கிலிருந்து ஒருத்தரும் அக்காளுக்குச் சொல்லவில்லை. போன் வராததால் அவள் சௌக்கியம் என்று இருந்துவிட்டாள். கிழிந்த கால்சட்டையைத் தைக்க என் கடைக்கு வந்த ஒரு லோடுமேன்தான் சொன்னான். நான்தான் மாடி ஏறிச் சொன்னேன். செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

சிக்கனமும் ஓடினார். ஆனால் அவர் ஆஸ்பத்திரியில் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்த நேரத்தைவிட, மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு தேடின நேரம் அதிகம். தேடிவிட்டுச் சொன்னாராம்: "ஒரு தப்பும் இல்லை. எந்தப் பொத்தானும் சூடுன்னு சொல்லலை. அங்க சூடே கிடையாது. மச்சான் கால் தவறியிருக்கான்."

அன்றிலிருந்து மாடிக்காரி அவரோடு பேசவில்லை. சமைத்தாள், தம்பிக்கு எடுத்துக்கொண்டு போனாள், வந்தாள், வேலை பார்த்தாள். ஒரு வார்த்தை இல்லை. சிக்கனம் என் கடைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"இப்ப பரவாயில்லை பெரியப்பா. முதல்ல பயந்துட்டேன். கோவம் போயிடுச்சு அவளுக்கு."

"யார் சொன்னா?"

"ஒண்ணுமே சொல்றதில்லையே!"

நான் கையில் இருந்த கத்தரியை மெதுவாகக் கீழே வைத்தேன். கையிலேயே இருந்திருந்தால் அவருடைய காலர் போயிருக்கும். காலருக்குள் இருந்ததைப் பற்றி எனக்கு உத்தரவாதம் இல்லை.

தம்பியை வீட்டுக்கு அனுப்பினார்கள். மாடியில் முன்னறைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். கையைத் தூக்க முடியாது. முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி ஒரு சட்டை தைத்து எடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டு வேளைக்குக் கொஞ்சம் முன்னால் நான் மாடிக்குப் போனேன். மழை விட்டு வெயில் காய்ந்தது. தெருவெல்லாம் புளித்த வாடை. சிக்கனம் மூலையில் கம்ப்யூட்டரோடு இருந்தார். அவள் பின்னால் ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கப் போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது கூலிங்கிளாஸ் வந்தார், கையில் ஆப்பிள் பையோடு.

"என்ன தம்பி, எப்படி இருக்கே?"

"மூச்சு விட்டா வலிக்குது சார்."

"மெதுவா விடு. உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கால் தவறுறது எல்லாருக்கும் சகஜம்தான்."

"கால் தவறலை சார். தரை தவறுச்சு."

"அதெல்லாம் பழைய கதை. உங்க மச்சானே சொல்லிட்டாரே, தப்பு ஒண்ணும் இல்லைன்னு." சிக்கனத்தைப் பார்த்துச் சிரித்தார். "சாப்பாடு முடிஞ்சதும் மூணாவதுல ஆள் இறக்குறேன். வெளியில லாரி வரிசை கட்டி நிக்குது. உன் ஆளுங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கிறானுங்க. நீ ஒரு வார்த்தை சொன்னா இறங்கிடுவானுங்க."

"மூணாவதுலயும் ஈரச் சோளம்தானே சார்?"

"திரை பச்சை."

"எனக்கும் பச்சைதான் இருந்தது."

"அதான் சொல்றேன், கால் தவறியிருக்கு."

பின்னால் தண்ணீர் சத்தம் நின்றது. மாடிக்காரி வாசற்படியில் வந்து நின்றாள். இரண்டு விரலால் எதையோ பிடித்திருந்தாள்.

"இது உன் பேண்ட் பாக்கெட்ல இருந்தது. என்னடா இது?"

நான் தைத்த சட்டை. ஓரத்து இரட்டைத் தையல் அப்படியே இருந்தது. துணி மட்டும் கருகிப் பழுப்பாகி, காய்ந்த இலைபோல அவள் விரலிலேயே உதிர்ந்தது. உள்ளே பொத்தான்.

"முங்கும்போது கையில என்னமோ தட்டுப்பட்டுச்சுக்கா. பிடிச்சுக்கிட்டேன். சுட்டுச்சு. சுடுதேன்னு விடலை. அது ஒண்ணுதான் பிடிக்கக் கிடைச்சது."

"சுட்டுச்சுன்னு ஏன்டா யார்கிட்டயும் சொல்லலை?"

"யார் கேட்டா?" அவனுக்குக் குரல் உயர்ந்தது, உயர்ந்ததும் விலாவைப் பிடித்துக்கொண்டான். "மச்சான் வந்து உட்காந்து, அங்க சூடே இல்லைன்னு எனக்கே சொல்லிட்டுப் போறாரு. உள்ள இருந்தவன் நான். வெளிய இருந்தவரு அவரு. நான் என்னத்தைச் சொல்ல?"

சிக்கனம் எழுந்து வந்தார். அந்தப் பொத்தானை வாங்கி நகத்தால் நெம்பினார். பேட்டரி வீங்கி வெடித்திருந்தது.

"செத்துருக்கு" என்றார்.

"ஆமா. செத்தவன் பேசமாட்டான்" என்றாள் அவள். பல நாளுக்கப்புறம் அவரிடம் அவள் பேசின முதல் வார்த்தை அது. "நான் அதுக்குப் பச்சை அடிச்சேன்."

"சாகறதுக்கு முன்னாடி சூடு ஏறியிருக்கணுமே. ஏறும்போது சொல்லியிருக்கணுமே. மாறினா சொல்லும்னுதானே..." அவர் பாதியில் நின்றார். வாய் திறந்தபடியே இருந்தது. தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். இல்லை.

"ஒரு எண்ணு" என்றார். "அந்த ஒரு எண்ணு."

"என்ன எண்ணு?" என்றார் கூலிங்கிளாஸ்.

"கடைசியா வெளிய சொன்ன சூடு எவ்வளவுங்கிறதை அது ஞாபகம் வெச்சிருந்தது. அந்த இடத்தைத்தான் நான் மிச்சம் பிடிச்சேன். அப்புறம் அதுக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் போன தடவை முழிச்சப்ப பார்த்த சூடு மட்டும்தான். அதுலேர்ந்து இப்ப ஒரு டிகிரி ஏறியிருக்கான்னு பார்க்கும். அரை டிகிரிதான் ஏறியிருக்கும். சரி, பெரிசில்லைன்னு தூங்கிடும். அடுத்த தடவை இன்னும் அரை டிகிரி. அதுவும் பெரிசில்லை. ஒவ்வொரு தடவையும் அரை அரையா ஏறி, ஒரு தடவைகூட வாயைத் திறக்காம அப்படியே வெந்து செத்துருக்கு." அவர் தலையில் அடித்துக்கொண்டார். "இனிப்பு குடுத்தேனே! தெருவெல்லாம் இனிப்பு குடுத்தேனே!"

நான் என் பங்கை நினைத்துக்கொண்டேன். நாக்கில் கசந்தது.

"அப்ப மூணாவதுல?" என்றான் தம்பி.

தம்பி அக்காளின் போனைப் பிடுங்காத குறையாக வாங்கி ஆட்களைக் கூப்பிட்டான். "ஏறாதீங்கடா. யாரும் இறங்காதீங்க." மறுபக்கத்திலிருந்து வந்த பதில் எனக்கே கேட்டது. "அண்ணே, மேனேஜர் இறங்கச் சொல்லியிருக்காரு. இறங்காதவன் நாளைக்கு வராதேன்னுட்டாரு. திரையில பச்சையா இருக்கேண்ணே, என்ன சொல்லி நிக்கிறது?"

கூலிங்கிளாஸ் கையை விரித்தார். "பாருங்க, அவனுங்களே சொல்றானுங்க. சென்சார் பச்சைன்னு சொல்லுது."

"சென்சார் சொல்லலை!" மாடிக்காரி போட்ட சத்தத்தில் ஆப்பிள் பை சாய்ந்தது. "அது எதுவுமே சொல்லலை. அதான் பச்சை. நான் அடிச்ச பச்சை. புரியுதா உனக்கு?" பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "எழுப்பு."

"எதை?"

"எல்லாத்தையும். மூணு உருளையிலயும் இருக்கிற ஒண்ணு விடாம எழுப்பி, இருக்கியான்னு கேளு. இருக்கிறது இருக்கேன்னு சொல்லட்டும். ஓயாம சொல்லட்டும்."

"எல்லாம் ஒரே நேரத்துல கத்தினா..." அவர் விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். "பேட்டரி மொத்தமும் போயிடும். ஒரு மாசம் தாங்காது. பத்து வருஷம்னு வாக்குக் குடுத்திருக்கேன். உலகத்துல யாரும் இவ்வளவு கம்மியா..."

"உன் பத்து வருஷத்தைத் தூக்கி அடுப்புல போடு! பத்து வருஷம் வாயை மூடிக்கிட்டுக் கிடக்கிறது ஒரு உழைப்பா? என் தம்பி கழுத்துவரைக்கும் போனான். அப்பவும் உனக்குப் பேட்டரி தீரலைன்னு பெருமை. இத்தனை நாளா நான் உன்கூடப் பேசலையே, அது தெரிஞ்சுதா உனக்கு?"

"கோவம் போயிடுச்சுன்னு..."

"போயிடுச்சா? தினம் தினம் ஏறிச்சு! அரை அரையா ஏறிச்சு! நீ தினமும் எட்டிப் பார்த்துட்டு, நேத்து மாதிரிதானே இருக்கான்னு போய்ப் படுத்தே!"

சிக்கனம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அவர் தட்டின தட்டு சிக்கனக்காரன் தட்டு அல்ல. அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தன் கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

"பச்சை மொத்தத்தையும் அழிச்சிட்டேன். பேசாதது எல்லாம் கறுப்பு. வாயைத் திறந்து இருக்கேன்னு சொல்றது மட்டும்தான் பச்சை."

"அனுப்பவா?"

"இன்னும் என்கிட்ட கேக்கிறியா!" என்று அவளே குனிந்து அந்தப் பெரிய விசையை ஓங்கி அடித்தாள். கீழே என் கடையில் மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. சுவிட்ச் போடவில்லை. நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம், விசிறி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

"யாரைக் கேட்டு இதெல்லாம் பண்றீங்க?" கூலிங்கிளாஸ் எழுந்தார். "அது கிடங்குச் சொத்து. என் அனுமதி இல்லாம..."

"உக்காருய்யா" என்றேன் நான். எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. உட்கார்ந்தார்.

திரை முழுவதும் கறுப்பு. தூங்குகிற பொத்தான் அதன் முறை வந்து விழித்தால்தான் கேள்வி அதன் காதில் விழும். அதுவரை காத்திருக்க வேண்டும். இவ்வளவு நேரம் தூங்கும்படி எழுதினவரும் எங்களோடு உட்கார்ந்து காத்திருந்தார். கிடங்கின் சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்தது. போன் அடித்தது. கிடங்கிலிருந்து.

"அண்ணே, திரை கறுத்துப் போச்சுண்ணே! மொத்தமும்!"

"அங்கயே நில்லுங்கடா. எவனும் ஏணியில கால் வைக்காதே."

முதல் பச்சைப் புள்ளி வந்தது. முதலாவது உருளையின் ஓரத்தில். அப்புறம் அதன் பக்கத்தில் இன்னொன்று. ஒன்றின் காதில் ஒன்று சொல்லிச் சொல்லி, மழை விட்டபின் தெருவில் ஒவ்வொரு வீடாக ஜன்னல் திறக்கிற மாதிரி வந்துகொண்டே இருந்தன. முதலாவது உருளை நிறைந்தது. இரண்டாவதில் தம்பி விழுந்த இடம் மட்டும் ஒரு கறுப்பு ஓட்டை. மூன்றாவதில் ஓரமெல்லாம் பச்சை வந்தது, வளையல் மாதிரி. நடுவில் ஒன்றும் வரவில்லை. சாப்பாட்டு நேரம் முடியும்வரை பார்த்தோம். வளையலுக்குள் ஓர் ஆள் முழுசாக மூழ்கும் அளவுக்குக் கறுப்பு.

"எத்தனை பேரை இறக்க இருந்தே?" என்று கேட்டாள் அவள்.

கூலிங்கிளாஸ் கண்ணாடியைக் கழற்றினார். அப்போதுதான் அவர் கண்ணை முதல்முதலாகப் பார்த்தேன். எல்லாரையும் போலத்தான் இருந்தது. எனக்கு அதில்தான் ஆத்திரம் அதிகமாக வந்தது.

"கறுப்புன்னா கருவி ரிப்பேர்னுதானே அர்த்தம்?" என்றார் அவர். "சோளம் ரிப்பேர்னு இல்லையே."

தம்பி கட்டிலிலிருந்து எழுந்துவிட்டான். எழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். விலாவைக் கையால் அழுத்திக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றான்.

"அப்ப நீ இறங்கு."

"என்ன மரியாதை இல்லாம..."

"கயிறு வேணாம். கருவிதானே ரிப்பேர். வா, நான் ஏணியைப் பிடிச்சுக்கிறேன். இறங்கு."

கூலிங்கிளாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். போகும்போது ஆப்பிள் பையையும் எடுத்துக்கொண்டு போனார்.

ஆட்கள் இறங்கவில்லை. தீயணைப்பு வண்டி வந்து மூன்றாவது உருளையின் அடிக்கதவைத் திறந்தது. புகை வந்தது. அதற்குப் பின்னால் காற்று உள்ளே போனதும் சோளம் பொரிய ஆரம்பித்தது. உருளையின் மூடி பறந்து போய்விட்டது. எங்கள் தெரு முழங்கால்வரை வெள்ளை. பக்கத்துத் தெரு சினிமாக் கொட்டகையில் படம் போட்ட கொஞ்ச நேரத்திலேயே இடைவேளை விட்டுவிட்டார்கள். நான் என் வாசலை மண்வெட்டியால் வாரினேன்.

சிக்கனம் சொன்னபடி அந்த மாசத்துக்குள் பொத்தான் எல்லாம் கத்திக் கத்தி ஓய்ந்தன. கிடங்குக்காரர்கள் அவற்றை அள்ளி ஒரு சாக்கில் கட்டி மாடிப்படியில் போட்டுவிட்டுப் போனார்கள். இனி அந்தப் பக்கம் வரவேண்டாம் என்றார்கள். மேனேஜருக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு கிடங்குக்கு மாற்றினார்கள், அங்கே அவருக்குப் பெரிய அறையாம். இதைச் சொல்லும்போது என் கால் தானாக மெஷினின் மிதியை மிதிக்கிறது.

சிக்கனம் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தார். அவள் படியில் இறங்கி வந்தாள்.

"பசிக்குதா?"

"இல்லை."

"பசிச்சா சொல்லுவியா, இல்லை நேத்து பசியோட இன்னைக்குப் பசியை ஒப்பிட்டுப் பார்த்துட்டுத் தூங்குவியா?"

"பசிக்குது."

"எழுந்து வா. கோவம் போகலை எனக்கு. அதையும் சொல்லிட்டேன். பச்சை அடிச்சது நான்தான், அதுல என் மேலயும் கோவம். நாளைக்கும் கோவம் இருக்கும். நாளைக்கும் சொல்லுவேன்."

அவர் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். மறுநாள் முதல் வரியிலிருந்து புதிதாக எழுத உட்கார்ந்தார். இந்தத் தடவை பொத்தான் பத்து வருஷம் உழைக்காது. விழித்ததும் முதல் வேலையாக 'இருக்கேன்' என்று சொல்லும். கடைசியாகச் சொன்ன எண்ணையும் மறக்காது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அவர் குளிக்கப் போனால் உள்ளேயிருந்து "இருக்கேன்" என்பார். "தெரியுது, சோப்புப் போடு" என்பாள் அவள். தம்பி, அந்த மேனேஜர் இல்லாத வேறு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். ஏணி ஏறும்போது ஒரு போன், இறங்கினதும் ஒரு போன். அங்கே கயிறு கட்டுகிறார்கள். தினமும் காலையில் சிக்கனம் படியிறங்கி வந்து என் ஜன்னல் முன்னால் நின்று, "பெரியப்பா, இருக்கீங்களா?" என்று கேட்பார். நான், "இருக்கேன்" என்பேன். "காது நல்லா கேக்குதா?" என்பார். "நீ மூச்சு விடுறதுகூடக் கேக்குது" என்பேன்.

என் காதுக்கருவியின் பேட்டரி, அவர்கள் மாடிக்குக் குடிவருவதற்கு முன்பே தீர்ந்துபோய்விட்டது. இன்னும் மாற்றவில்லை.